பதினாலுக்குப் பதின்மூன்று

லீக் கூட்டம் ஞாயிறு பத்து மணிக்கு,
மருதானையில், தையல் வகுப்பு நடக்கும் மண்டபத்தில்.
மெஷின்களைச் சுவரோரம் தள்ளித்
துணி போர்த்தியிருந்தார்கள்,
மாற்று ஆட்டக்காரர்கள் மாதிரி.

இருபத்தெட்டுக் கழகங்கள்.
இருபத்தேழு பேர் வந்தோம்.
கொலன்னாவைக்காரருக்கு வீட்டுக்குள் வெள்ளமாம்.

நான் முகத்துவாரம் விடிவெள்ளியின் செயலாளர்.
கிழமை நாளில் துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுபவன்.
எதை எதன் மேல் அடுக்குவது
என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.
பாரமானது கீழே. எப்போதும் பாரமானது கீழே.

நிஸ்தார் கரும்பலகையில் கோடு போட்டார்.
இப்போதுள்ளது நாலு குழு, குழுவுக்கு ஏழு.
பெப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை ஆடி
வெளியே போகிறவர்கள் பன்னிரண்டு பேர்.
"அஞ்சு மாசம் ஓடி யாரத் தள்ளினோம்?
தள்ளுப்படப் போறவன மொத சனிக்கிழமையே தெரியும்."
இனி மேலே பத்து, நடுவில் பத்து, கீழே எட்டு.
ஏறலாம். இறங்கவும் வேண்டிவரும்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார்:
"பெரிய கிளப்போட ஆடாம
எங்கட பெடியள் எப்பிடிப் பழகுறது?"
நிஸ்தார் என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"ஒம்பது கோல் வாங்கினா என்ன பழகும்?
வலைக்குள்ள பந்து பொறுக்கப் பழகும்."

மண்டபம் சிரித்தது.
அந்த ஒன்பது எங்களுடையது.

மாளிகாவத்தை மைதானம், மார்ச் வெயில்.
ஆறாவது கோலுக்குப் பிறகு
எங்கள் கோல்கீப்பர் ஸப்ரி சிரிக்கத் தொடங்கினான்.
எட்டாவதுக்கு, அடித்தவனோடு கைதட்டிக்கொண்டான்.
திரும்பும் வானில் பைலா.
அடுத்த வாரம் ஏழு.
அதற்கும் பைலா.

சட்டைப் பையில் கமிட்டி தந்த தாள்.
எதிர்த்து வாக்களிக்கவும், கீழே ஐந்து கையொப்பம்,
நாலாவது என்னுடையது.
கழகப் பலகையில் 'முதலாம் பிரிவு' என்று
பொன்நிறத்தில் எழுதியவர் தலைவர் செபமாலை.
தன் காசில், தன் கையால்,
'பிரிவு' சற்றே சரிந்திருக்கும்.

ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.
துறைமுகத்தில் கை தூக்கினால் கிரேன் நிற்கும்.
தலைக்கு மேலே இருபது தொன்
அப்படியே ஆடிக்கொண்டு நிற்கும்.

தூக்கினேன்.

நிஸ்தார் இரண்டு முறை எண்ணினார்.
இரண்டாம் முறை என் கையில் வந்து கொஞ்சம் தங்கினார்.
பதினாலு.
எதிர்த்தவர்கள் பதின்மூன்று.
கொலன்னாவை வெள்ளம் வடிந்திருந்தால்
என்னவாகியிருக்கும் என்று
நான் இன்னும் கணக்குப் பார்ப்பதில்லை.

செபமாலை என்னோடு கதைப்பதை நிறுத்தினார்.
பெயிண்ட் பில் மட்டும் என் பெயருக்கு வந்தது.
'முதலாம்' மேல் வெள்ளை பூசி
'மூன்றாம்' என்று எழுதினார்கள்.
மழை நாளில் அடியிலிருந்து பொன் தெரியும்.

ஒக்டோபரில் மட்டக்குளிக்காரரோடு.
எண்பத்தெட்டாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று.
ஒரு கோர்ணர்.
ஸப்ரியின் விரல் பந்தில் பட்டது,
பட்டதை நான் பார்த்தேன்.
பந்து கேட்கவில்லை.

வானில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ட்ரைவர் ரேடியோவுக்குக் கை நீட்ட
யாரோ "வேணாம்" என்றான்.
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
ஸப்ரி கையுறையைக் கழற்றாமலே
முகத்தைத் துடைத்தான்,
சேறு பூசிக்கொண்டான்.
ஒன்பதுக்கு அழாதவன்.

பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்:
"அந்தக் கோர்ணருக்கு
ஆறாம் நம்பர யாரு புடிச்சிருக்கணும்?"

ஏழு பேர் ஒரேயடியாகப் பதில் சொன்னார்கள்.
ஏழும் வேறு வேறு பெயர்.
பச்சை விழுந்தும் சண்டை ஓயவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

முன் சீற்றில் செபமாலை
தலையைத் திருப்பாமல்,
கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்:
"செயலாளர், வாற சனி ஆரோட?"