அறுபத்திரண்டு கழித்தல்

ராயக்கோட்டை மண்டி வாசலில்
எடைமேடைச் சீட்டு கிழிப்பவள் நான்.
மேசை டிராயரில் ஒரு கிராஃப் கால்குலேட்டர்,
ஓசூர் காயலான் கடையில் இருநூற்றைம்பது ரூபாய்.
பின்மூடி கிடையாது.
பேட்டரியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

திரையில் குறுக்கே தொண்ணூற்றைந்து புள்ளி,
நெடுக்கே அறுபத்து மூன்று.
நாளுக்கு ஒரு பத்தி நகர்ந்து,
கிலோ எத்தனை ரூபாயோ அத்தனையாவது வரிசையில்
பிக்சல்-ஆன்.
தக்காளி அறுபத்திரண்டைத் தாண்டினால் எர்ரர் வரும்.
வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தமிழ் அதற்குத் தெரியாது.
'த' வரைய இருபத்தொரு புள்ளி செலவானது,
'க்கா' வருவதற்குள் பொறுமை போயிற்று.

ஆள்பெயரைச் சரமாகக் கோக்கப் போனால் அடுத்த வம்பு:
வெற்றுச் சரத்தோடு எதுவும் ஒட்டாது.
முதலில் ஓர் இடைவெளி வைத்து
அதன் வாலில் பெயர், ஊர், பெட்டிக் கணக்கு
எல்லாம் சேர்த்தபின்
சப் போட்டு
இரண்டாம் எழுத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும்.
பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கு எழுதி
சுழியை மட்டும் அழிக்கிற மாதிரி.
ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் தயங்கும்.

செவ்வாய் இருபத்தெட்டு.
புதன் பத்தொன்பது, அப்புறம் பதினொன்று, ஆறு.
இன்றைக்கு நாலு.
உத்தனப்பள்ளி திம்மராயப்பா எட்டிப் பார்த்தார்:
"ஏறுதே!"

இல்லைங்க, இதுக்குச் சைபர் உச்சியில இருக்கு,
வரிசை மேலேயிருந்து கீழே எண்ணுது என்றேன்.
"மழை மாதிரியா?"
ஆமாங்க, என்று
அறுபத்திரண்டில் கழிக்க ஒரு வரி சேர்த்து
மறுபடி ஓட்டினேன்.
புள்ளிகள் படியிறங்கின.

பார்த்துக்கொண்டே இருந்தார்.
பெட்டி வாடகை கேட்டார், வண்டி வாடகை அவருக்கே தெரியும்.
பிறகு மெதுவாக,
"அந்தக் கழித்தலை எடுத்துடும்மா.
மல்லம்மா டீ குடிச்சிட்டு வருவா."

எடுத்தேன்.

மல்லம்மா வந்தாள், விரல் முழுக்கத் தக்காளிக் காம்பின் பச்சைக் கறை.
ஏறுகிற புள்ளிகளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.
"தலைகீழா வெச்சிருக்கீங்க" என்று
கால்குலேட்டரைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தாள்.

திருப்பியும் ஏறியது.
ஒவ்வொரு புள்ளியும் தரையிலிருந்து
தன் சரியான உயரத்தில்தான் நின்றது,
நாட்கள் மட்டும் பின்னோக்கி:
இன்றைய நாலிலிருந்து ஆறு, பதினொன்று, பத்தொன்பது,
செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டு.

"இப்பச் சரி" என்றாள்.
ரப்பர் பேண்ட் நழுவி
பேட்டரி ஒன்று எடைமேடையில் உருண்டது.
எடைமேடை அதைக் கணக்கில் எடுக்கவில்லை.