இடம் கொடுத்துப் பார்த்தல்

மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையில்
இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்றது அது.
கூரையைத் தாண்டி உயரம்,
விரித்த கைகளுக்குள் அடங்கும் அகலம்.
ரென்ஸ்கே அண்ணாந்து பார்த்தாள்; தொப்பி விழுந்தது.

ஓக் என்றால் அந்த நாட்டில்
கிளை ஒவ்வொன்றும் தனி மரமாய்ப் பரந்து
ஒரு மந்தைக்கே மத்தியானம் தருவது.
இது என்ன, மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல்?

இயல்பா, சுவர் செய்த வேலையா?
மரத்திடம் கேட்டால் சொல்லாது.
மனிதரிடம் கேட்டால் சுவரைத்தான் சொல்வார்கள்.

பிப்ரவரியில் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி,
சைக்கிளில் கட்டி எடுத்துப்போனாள்.
தைஸ் ஒட்டுக் கட்டினான், பன்னிரண்டு.
ஒன்பது செத்தன.
மிச்சம் மூன்றை,
ரைன் ஆறு எப்போதோ விட்டுப்போன களிமண்ணில்,
பேரித் தோட்டத்துக்கு அப்பால்,
தள்ளித் தள்ளி நட்டார்கள்.
சுவர் இல்லை. வேலி இல்லை.
நாலு பக்கமும் வானம் வந்து தரையில் உட்காரும் நாடு.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமா
என்று பார்க்கப் பதினோரு வருடம்.

இடையில் தைஸுக்குக் கல்யாணமாகி, முறிந்தது.
ஒரு கோடையில் கிணறுகூட வற்றியது.
ரென்ஸ்கேயின் மூக்குக்கண்ணாடி இருமுறை தடித்தது.
செப்டம்பர்தோறும் அளவு நாடாவோடு போவாள்.
உயரத்தின் கட்டத்தில் எண் ஏறும்.
அகலத்தின் கட்டத்தில்
போன வருட எண்ணையே எழுதிவிட்டு
பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாள்.

எட்டாம் வருடம் தைஸ் சொன்னான்:
"சுவர் போனது அதற்குத் தெரியாது போல."
"சுவர் இருந்ததே அதற்குத் தெரியாது," என்றாள்.

பிறகு நகராட்சியின் படிவம் வந்தது.
பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பைத் தாங்குமா?
வேர் நடைபாதைக் கல்லைத் தூக்குமா?
காய் கார்மேல் விழுமா, விழுந்தால் எத்தனை?
டிராம் கம்பியிலிருந்து எத்தனை சாண்?
பெயர் என்ன?
'ஈரச் சாக்கு' என்று வைக்கச் சொன்னான் தைஸ்.
அவள் ஒரு எண்ணை மட்டும் எழுதினாள்.
'பிற குறிப்புகள்' என்ற கடைசிக் கட்டத்தில்:
காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க விடாது.
காற்றடித்தால் யாரோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்கும்.
அதிகாரி ஃபோக்கெ அதை அடிக்கோடிட்டு
பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

மூன்று முப்பதாகி, முப்பது முந்நூறாகி,
வடக்கே க்ரோனிங்கனில் ஒரு தெருவுக்கு
நாற்பத்தாறு போயின.
நாற்பத்தாறும் ஒரே மரம்.

அந்த வாரம்தான் தொழிற்சாலையை இடித்தார்கள்.
முதலில் சுவர்கள் விழுந்தன.
இரண்டு நாள் தனியே நின்றதாம் பழைய மரம்,
பட்டையில் செங்கல் தூளோடு,
இரண்டு பக்கமும் வெட்டவெளியாக.
அசையவே இல்லை என்றான் பார்த்து வந்தவன்.
காற்றில்லாத நாளாக இருக்கும் என்றாள் ரென்ஸ்கே.
மூன்றாம் நாள் ரம்பம்.
அங்கே இப்போது முப்பது கார்கள் நிற்கலாம்.

முப்பத்தெட்டாம் எண் வீட்டு ஆஃப்கே
நகராட்சிக்குக் கடிதம் போட்டாள்:
"நிழல் கேட்டோம். கம்பம் நட்டிருக்கிறீர்கள்."
பதில் வந்தது, வருத்தம் தெரிவித்து,
வேறொரு தெருவின் பெயரோடு.

ஜூலையில் வெயில் முப்பத்தாறைத் தொட்டது.
ஜன்னல்களுக்கு விசிறி பழக்கமில்லாத ஊர்.
மரம் தன் ஒற்றை நிழலைக்
கடிகார முள்போல நகர்த்தியது,
வீட்டுக்கு வீடு, கதவுக்குக் கதவு.
ஆஃப்கேயின் வாசலில் அது நிற்பது
ஒரு கோப்பைக் காப்பி ஆறும் நேரம்.

மூன்றேகாலுக்கு நாற்பதாம் எண்ணுக்குப் போகிறது.
அங்கே எரித்ரியாக்காரர் டெஸ்ஃபாய்,
இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து,
படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்.
நாலு வருடமாகத் தலையசைப்பு மட்டும்.

ஆஃப்கே நாற்காலியைத் தூக்கினாள்.
கல்லில் கால் இடறியது.
முள் நகர்ந்துகொண்டிருக்கிறது,
யோசிக்க நேரமில்லை.

டெஸ்ஃபாய் வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு
சற்றே தள்ளி உட்கார்ந்தார்.