பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

வேலை பெர்மிட் நகல், கல்யாணப் பத்திரிகை,
கோயில் திருவிழாவுக்கு ரசீது புத்தகம்:
என் கடைக்கு இதுதான் சோறு.
ஆண்டுக் கடைசியில் மட்டும்
முனைவர் பட்டம் வரும்.

சிலிம் ரிவர் கடைத்தெருவில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால்
கண்ணாடி அலமாரிக்குப் பல் கிடுகிடுக்கும்.
பல்கலைக்கழகம் இங்கிருந்து அரைமணி நேரம்.
அங்கே பைண்டிங் பதினைந்து வெள்ளி கூட என்று
மோட்டாரில் வருவார்கள் பிள்ளைகள்,
மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பையில்
நாலு வருஷம்.

எல்லாருக்கும் கருநீல அட்டை,
முதுகில் பொன்னெழுத்து.
உள்ளே குகையோ குடலோ எதுவானாலும்
வெளியே பள்ளிச் சீருடை.

அன்று மேசையில் ஆறு பேர்.
மறுநாள் பத்து மணிக்குக் கெடு.
மழைக்கு முந்தி வந்த காற்று
நான் கதவைப் பிடிப்பதற்குள் உள்ளே புகுந்து
ஆறு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

எண் பார்த்து அடுக்கலாம் என்றால்
ஆறு நூற்றுப் பன்னிரண்டு கிடக்கிறது.
எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி
எல்லாம் மேலிடத்து உத்தரவு, மயிரிழை பிசகவில்லை.
படித்துத்தான் பிரிக்க வேண்டும்.
ஷட்டரை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்,
ஒரு பொட்டலம் மீ கோரேங்கோடு.

வேய் செர்ன் சுலபம், பக்கமெல்லாம் குறிகள்.
கயிற்றை அறுக்காமல்
ஒரு முடிச்சை இன்னொரு முடிச்சாக்க முடியுமா?
நூற்றெண்பது பக்கம் போய்
முடியாது என்கிறான்.
ஜுகா துரியான் மரத்தடியில் படுத்திருந்து
பூவுக்கு வௌவால் வரும் நேரத்தை எழுதியிருக்கிறான்,
மழை பெய்த இரவுகளுக்கு வெறும் கோடு.
கையுறை ரப்பரில் தோலை அரிக்கும் புரதம் ஒருத்திக்கு.
தனேந்திரன் தமிழில்.
நாற்பது வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து
‘லா’ எங்கே விழுகிறது என்று எண்ணியிருக்கிறான்.
அதிகம் விழுவது
முடியாது என்ற சொல்லுக்குப் பின்னாலாம்.
முடியாதுலா என்று நானே சொல்லிப் பார்த்தேன்.
சரிதான்.

மிச்சம் இரண்டு, இரண்டும் மலாய்.
இஸ்ஸாத்தி, தோட்டத்தில் எலி பிடிக்கப்
பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளை,
அவை கக்கிய உருண்டைகளைப் பிரித்து
எலும்பெண்ணிப் படித்தவள்.
ஷர்மளா, குலை வெட்டும் குடும்பங்களில்
சம்பளத்துக்கு முந்தின வாரம்
எது முதலில் குறைகிறது என்று கேட்டவள்.
மீன். பிறகு டியூஷன். பிறகு மாத்திரை.

விடியற்காலை மூன்று மணிக்குக்
கையில் இரண்டே தாள்.
இரண்டும் நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று தலைப்பில்லாத அட்டவணை.
மற்றதில் இப்படி:
நான்காம் வாரம் வரத்து பாதி.
தாய் தன் பங்கைக் குறைத்து
அனாக்குக்குத் தருவது கண்டறியப்பட்டது.

தமிழாக இருந்தால்
வினைமுற்று காட்டிக்கொடுத்திருக்கும்,
தந்தாளா தந்ததா என்று.
மலாய்க்குத் திணை கிடையாது.
பிள்ளையும் அனாக், குஞ்சும் அனாக்.
நூற்றுப் பதினொன்றைப் புரட்டினேன்.
இரண்டுமே ‘கீழ்க்கண்டவாறு’ என்று முடிகின்றன.
நூற்றுப் பதின்மூன்று
இரண்டிலும் ‘ஆகவே’.

போன் அடித்தேன். எடுக்கவில்லை.
நாலு வருஷத் தூக்கம், எழுப்புவது பாவம்.
ஐம்பது சென் காசைச் சுண்டினேன்.

ஒன்றரை வருஷம் ஆகிறது.
அங்கி போட்ட படத்தை இருவரும் அனுப்பினார்கள்.
புகார் எதுவும் வரவில்லை.
பொருந்தியிருக்கலாம்.
யாரும் திறக்காமலும் இருக்கலாம்,
கருநீல அட்டை காட்டிக்கொடுக்காது.
காசு தப்பாக விழுந்திருந்தால்
நூலகத்தில் எங்கோ ஒரு கூகை
சம்பளத்துக்கு முந்தின வாரம்
மளிகைக் கடை வாசலில்
கடன் சொல்லி நிற்கும்.