எடை என்ற கட்டம்

காலை ஆறரைக்கு டயர் குளிர்ந்திருக்கும்.
அப்போதே அளந்துவிட வேண்டும்.
ஓடி வந்த டயர் சூட்டில் கூட்டிச் சொல்லும்,
நம்பக் கூடாது.

நான்கு சக்கரம், நான்கு வால்வு, நான்கு தடவை ஸ்ஸ்.
பங்க்கில் லாரிக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு உதவாது,
எங்கள் முள் பத்தோடு முடிந்துவிடும்.
முன்னால் நாலரை, பின்னால் ஐந்து.
இடதும் வலதும் ஒன்றாக இருக்கணும்.
அரைப் புள்ளி பிசகினால்
ஹேண்டில்பார் நாள் முழுக்க
ஒரு பக்கமே பேசும்.

மேட்டுப்பாளையத்தில் ஐந்து வைத்து ஏற்றிய வண்டி
கோத்தகிரியில் இறக்கும்போது ஆறரை காட்டியது.
வழியில் யாரும் காற்று அடைக்கவில்லை.
வெளியே காற்று மெலிந்தால்
உள்ளே இருப்பது இறுகியதாகத் தெரியும்.
டெம்போக்காரர் கேஜைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கூடினால் கல்லுக்குக் கல் பந்து.
குறைந்தால் டயரின் உதடு பிரிந்து
ரிம் போய்ப் பாறையில் இடிக்கும்.
சோலைக்குக் கீழே சரளை வளைவு,
தேயிலைக்கு நடுவே களிமண் இறக்கம்,
ஓடைக்கு முன்னால் வேர்ப் படிகள்.
மூன்றுக்கும் அதே காற்றுதான்,
எதற்கும் முழுசாகப் பொருந்தாத ஒரு எண்.

இதெல்லாம் சுலபம்.
ஸ்பிரிங்குக்கு ஆளின் எடை தெரியணும்.
ரெஜிஸ்டரில் பெயர், ஊர், ரத்த வகை,
கடைசியில் எடை என்று ஒரு கட்டம்.
திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் எழுபது என்று எழுதினார்,
உட்கார்ந்ததும் வண்டி ஐந்து விரல் இறங்கியது.
கல்யாணமாகி எட்டு நாளான பெண்
கணவர் காதில் விழாமல் என்னிடம் மட்டும் சொன்னாள்.
ஒருவர் கட்டத்தில் கோடு இழுத்துவிட்டார்.
எதையும் நான் திருத்துவதில்லை.
கொக்கிச் சாவியை வளையத்தில் மாட்டி
ஒரு பல்லோ இரண்டு பல்லோ திருப்பி
ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்து
அனுப்பிவிடுவேன்.

முன்னால் போய் வழி காட்டுகிறவர் போஜன்.
முதல் வண்டி அவருடையது.
நாலாம் பல்,
மூன்று வருஷமாக நான் கை வைத்ததில்லை.

தை மாதம், புல்லெல்லாம் உறைபனி.
"வண்டி குதிக்குது மலர், காத்து கூடிப்போச்சு."
அளந்தேன். நாலரை, ஐந்து.
மறுநாளும் அதையே சொன்னார்.
கேஜ் பழசு என்றார்.
குன்னூரிலிருந்து புதுசு வந்தது,
அதுவும் நாலரை, ஐந்து.
வேர்ப் படிகளில் பின்பக்கம் தூக்கி அடிக்கிறதாம்,
இடுப்பு விட்டுப்போகிறதாம்.

"உட்காருங்க" என்றேன்.
ஆள் இல்லாமல் மட்கார்டிலிருந்து தரைக்கு ஒரு அளவு,
ஆளோடு ஒரு அளவு.
டேப்பை இன்னொரு தடவை வைத்தேன்.
மூன்று விரல் இறங்க வேண்டியது
ஒன்றரைகூட இல்லை.

மண்டியிட்டபடியே இருந்தேன்.
கண்ணுக்கு நேரே அவர் பெல்ட்.
ஆணியால் குத்திய ஒரு புது ஓட்டை,
அதைத் தாண்டி உள்ளே இன்னொன்று,
கொக்கி அதில்.

"என்ன காட்டுது?"
"ஸ்பிரிங் இறுகிப்போச்சு."
ஸ்பிரிங் நாள்பட்டால் தளரும், இறுகாது.
அவருக்கும் தெரியும்.
சற்று நேரம் கோடநாடு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்,
அங்கே மேகம் தவிர ஒன்றுமில்லை.

நாலிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
இடது பக்கம் டக், டக்.
வலது பக்கம் டக்,
சாவி வழுக்கியது, துடைத்துவிட்டு,
டக்.

ஏழரைக்கு ஆறு வண்டியும் கிளம்பின.
களிமண் இறக்கத்தில் முதல் வண்டி
நான்கு காலும் ஊன்றிப் போனது.
வளைவில் இடது கையைத் தூக்கினார்.
பின்னால் வருகிறவர்களுக்கு அது மெதுவாக என்று அர்த்தம்.
எனக்கு, வண்டி சரியாயிடுச்சு என்று.

ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.
வழிகாட்டியும் தினம் எழுத வேண்டும், எங்கள் விதி.
போஜன், எழுபத்தெட்டு.
போஜன், எழுபத்தெட்டு.
தீபாவளிக்கு முந்தின நாளும் எழுபத்தெட்டு.
இன்றைக்குப் பெயர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது,
கடைசிக் கட்டம் காலி.

அலுவலக அறையில் உரம் நிறுக்கிற தராசு ஒன்று உண்டு.
வெளியே எடுத்து, தூசி தட்டி,
முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி,
அவர் ஹெல்மெட் மாட்டுகிற ஆணிக்குக் கீழே
வைத்திருக்கிறேன்.