தவிடு

சம்மாந்துறை மில்லில் பதினெட்டு வருஷமாய்
பொலிஷர் என் பொறுப்பு.
உள்ளே போகையில் அரிசிக்கு ஒரு நிறம் உண்டு.
வெளியே வருகையில்
கல்முனைக் கடைக்காரர் கேட்கிற நிறம்.
மூன்று தரம் தீட்டினால் போதும்.
முதலாளி நாலு என்பார்.

இடையில் பறப்பதுதான் தவிடு.
இமையில், காது மடலில்,
சாரத்தின் மடிப்பில்.
வீரமுனைத் தங்கவேலாயுதம் பின்னேரம்
லேண்ட்மாஸ்டரில் வந்து
மூடை மூடையாய் ஏற்றிப் போவார், கோழிக்கு.
"உங்கட தவிட்டுக்குத்தான் நிக்குதுகள், கால் தூண் மாதிரி" என்பார்.
எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

வீட்டில் நான் தீட்டிய அதே வெள்ளைச் சோறு.
மத்தியானம் சோறு, ராவைக்கும் சோறு,
மேலே ஆணம்; மீன் பிள்ளைகளின் கோப்பைக்கு.
நடுவில் எண்ணாத பிளேன்டீ,
எண்ணாத வெற்றிலை.

பெருநாளுக்குப் பிறகு கால் விறைக்கத் தொடங்கியது.
மோட்டரின் அதிர்வு ஏறிவிட்டதாக நினைத்தேன்.
கரண்ட் இல்லாத நாளிலும்
கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு நாள் வலது செருப்பைச் சந்தையில் விட்டுவிட்டு
வாசல் வரை வந்திருக்கிறேன்.
சரீனா பார்த்துச் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

ஜும்ஆவில் ஸப்பில் நின்றால்
பக்கத்து இஸ்மாலெவ்வையின் சுண்டுவிரல்
என் சுண்டுவிரலைத் தொடவேண்டும்.
குனிந்து பார்த்துத்தான் அறிந்தேன்,
தொட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர்.
றப்பர்ச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்.
முழங்கால் வாய் திறக்கவில்லை.
சீனி பார்த்தார்கள், இல்லை.
என்ன சாப்பாடு என்று கேட்டார், சொன்னேன்.
என்ன வேலை என்று கேட்டார்.
"அரிசி தீட்டுற வேலை."
பேனை நின்றது.
சிரிப்பை அடக்கினாரோ, இருமினாரோ.
"விற்றமின் பீ ஒன்று" என்றார்.
"இறைச்சியில இருக்கு, பயறில இருக்கு.
அரிசியில எண்டா, தவிட்டில.
நீங்க ஊதித் தள்ளுறதில."

கடதாசி உறையில் குளிசை தந்தார்கள்.
காலை ஒன்று, ராவைக்கு ஒன்று.
மூடையில் ஏற்றி அனுப்பியதை
எண்ணி வாங்கிக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.

"ஒரு தரம் குறைப்பமா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.
"சாமான் திரும்பி வரும். உன்ட கால் வேற,
என்ட யாவாரம் வேற" என்றார்.
அதிலும் நியாயம் இருந்தது.
சுவிட்சைப் போட்டேன். நாலு தரம்.

ஆனால் மில் பூட்டுமுன் ஒரு மரைக்கால் நெல்லை
உமி மட்டும் நீக்கி
சீலைப்பையில் கட்டிக்கொண்டு போவேன்.
அது வேக நேரம் எடுக்கும், விறகும் கேட்கும்.
சரீனா அடுப்போடு சண்டை பிடித்தாள்.
சின்னவன் சோற்றைக் கிளறிப் பார்த்தான்:
"வாப்பா, இது கோழிச்சோறா?"
"ஓம் மகன்" என்றேன்.
பாதியைத் தின்றான்.

தங்கவேலாயுதம் மூடையைத் தூக்கும்போது கேட்டார்,
"என்ன, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க?"
"உங்கட கோழியெல்லாம் என்ட பங்கையும்
சேர்த்துத் தின்டுபோட்டுது."
அவர் சிரித்துக்கொண்டே
காசை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் எண்ணினார்.

முதல் துண்டின் குளிசை முடிந்து
மூன்றாம் துண்டும் பாதியாயிற்று.
நேற்று அந்தியில் களத்தைக் கூட்டுகையில்
இடது குதிக்காலில் ஏதோ.
காலைத் தூக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.
ஒரு நெல், மூக்குக் கூர்மையானது.
பதினெட்டு வருஷம் நான் குத்திய நெல்,
என்னைக் குத்தியது.
அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
மூடை தைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

வலது காலை அதே நெல்லின் மேல் வைத்தேன்.
இல்லை.
சரி,
உறையில் இன்னும் பதினாலு இருக்கிறது.