கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு அடி

கக்கட் டிராவல்ஸில் எனக்கு வேலை
மலையூர்களைத் தமிழில் எழுதுவது.
உயரம், வரலாறு, பார்க்க வேண்டியவை,
கம்பளிச் சட்டை அவசியம்.
நான் ஏறியதில் அதிக உயரம்
வாடகை வீட்டு மொட்டைமாடி.

அலுவலகம் இருப்பது பஹாட்கஞ்சில்.
பஹாட் என்றால் மலை.
எங்கே என்று கேட்டால்
டீக்கடைக்காரர் ரயில் நிலையத்தைக் காட்டுவார்.

மார்ச்சில் சில்மோரி வந்தது.
இரண்டு பக்கம், நாளைக்குள்.
தகவல் ஒன்றும் இல்லை.
டிரைவர் ரதூரிக்கு அதுதான் ஊர், கேட்டேன்.
"கொஞ்சம் தேவதாரு. ஒரு ஏ.டி.எம்.
அதில் பணம் இருக்காது."
"வேறு?"
"அம்மா இருக்கிறாள். அதை எழுதாதே,
எல்லாரும் போய்ச் சாப்பாடு கேட்பார்கள்."

அன்றிரவு வீட்டுக்கு, ஆனந்த் பர்பத்துக்கு,
ஏறும்போது மூச்சு வாங்கியது.
ஆறு வருடமாக வாங்குகிற மூச்சுதான்.
அதற்குப் பெயர் உயரம் என்று
அன்றுதான் தோன்றியது.

உட்கார்ந்து எழுதினேன்:

ஆரவல்லியின் வால்நுனி.
இமயம் கடலடியில் சேறாகக் கிடந்தபோதே
இது மலையாக நின்று, தேய்ந்து,
இப்போது லேத் பட்டறைகளைச் சுமக்கிறது.
பழைய பெயர் கறுப்பு மலை.
பாறையை உடைத்துக் கீழே நகரம் கட்டியபின்
மிஞ்சிய மேட்டுக்கு
ஆனந்தம் என்று யாரோ பெயர் வைத்தார்கள்.
தாவரம்: சீமைக்கருவேலம். வெள்ளைக்காரன் விதைத்தது.
உங்கள் கண்மாயில் இருக்கும் அதே முள், அதே குணம்.
விலங்கு: குரங்கு. விடிகாலையில் மயில், சத்தம் மட்டும்.
அருவி: செவ்வாய், வெள்ளி, மாலை ஐந்தரை.
லாரியின் பின்பக்கம் விழும். குடம் கொண்டு வரவும்.
மூடுபனி: நவம்பர் முதல். மூக்கைப் பொத்திக்கொள்ளவும்.
உயரம்: எண்ணூறு அடி.

கக்கட்டுக்குத் தமிழ் தெரியாது.
பக்கம் நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.
தலைப்பில் சில்மோரி, மேலே ஒரு பனிச்சிகரம்,
ஐந்நூறு பிரதி.

மே மாதம், நாற்பத்து நாலு டிகிரி.
தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்
சாத்தூரிலிருந்து எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள்.
ஏழு பேர் தலையில் குரங்குக் குல்லாய்.
குல்லாய் இல்லாதவர் பொன்னுரங்கம்,
தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்.
கையில் அந்தத் தாள்,
நாலாக மடித்து, சிவப்பில் அடிக்கோடிட்டு.

நான் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடினேன்.

"எழுத்தில் எங்கேயும் பனி இல்லையே தம்பி?"
"இல்லை."
"படத்தில் மட்டும்தான்?"
"ஆமாம் சார்."
"சொன்னேன், கேட்கவில்லை.
இவர்கள் படத்தை நம்பி வந்தவர்கள்,
ரதூரியோடு அனுப்பிவிடுங்கள்.
நான் எழுத்தை நம்பி வந்தேன்.
இன்றைக்கு வெள்ளிதானே?"

ஐந்தே காலுக்கு ஏறினோம்.
அவருக்கும் மூச்சு வாங்கியது.
"சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.
பட்டறைச் சுவருக்கு வெளியே
ஒரு பாறை முதுகு துருத்தியிருக்கும்,
எல்லாரும் அதில் சைக்கிள் சாய்ப்பார்கள்.
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல்
புறங்கையால் தொட்டார்.
"விடவில்லை இன்னும்."

அருவி ஆறு பத்துக்கு வந்தது.
குடங்களும் வசவுகளும்.
என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு
பொன்னுரங்கம் வரிசைக்குள் புகுந்தார்.
இந்தியில் திட்டினார்கள், தமிழில் பதில் சொன்னார்.
அரைக்குடம் கிடைத்தது.

மொட்டைமாடியில்
கிழக்கே விளக்குகள் ஒவ்வொன்றாக,
ரயில் ஒன்று வளைந்து உள்ளே வந்தது.
வேட்டி நுனியை உலர்த்தியபடி கேட்டார்:
"எண்ணூறு என்று போட்டிருக்கிறீர்கள்,
மாடியையும் சேர்த்தா?"
"சேர்க்கவில்லை."
"மூன்று மாடி. ஆளுக்குப் பதின்மூன்று அடி வையுங்கள்."

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து
தாளை முழங்காலில் விரித்து
அடித்துத் திருத்தினார்:
எண்ணூற்று முப்பத்தொன்பது.