ஐந்தாவது ஊசி

நவம்பர் கடைசியில் வார்டோவை விட்டுப் போன சூரியன்
ஜனவரி வரை எட்டிப் பார்க்காது.
அதற்கு இரண்டு மாதம் முன்பே
எனக்குள்ளும் ஒன்றை அணைத்துவிட்டார்கள்.

தொப்புளுக்குக் கீழே, நாலு விரல் தள்ளி,
அரிசிமணி நீளத்தில் ஒரு குச்சி.
'சினைப்பைகளைத் தூங்க வைக்கிறோம்,
ஆறு மாதம்தான்' என்றாள் தாதி தூருன்,
ஊசியின் தடிமனை
உள்ளங்கையால் மறைத்தபடி.

பதினாலு வயதில் பிடித்தது. பதினேழு வருஷம்.
பள்ளி மருத்துவர் வெந்நீர்ப் பை என்றார்.
அடுத்தவர் மனசு என்றார்.
அதற்கும் அடுத்தவர், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்
கிறீச்சிடும் கதவுக்கு எண்ணெய் சொல்வதுபோல.
கிர்க்கெனேஸில்தான் ஒருத்தி
வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்த்து
மறுநாள் தாளில் வரைந்து காட்டினாள்:
கருப்பைக்குள் இருக்க வேண்டிய தோல்
குடலின் மேல், சிறுநீர்ப்பையின் முதுகில்.
முளைத்த இடத்திலெல்லாம் மாதாமாதம் கசிகிறது,
வெளியேற வழியில்லாமல்.
அந்தத் தாளை மடித்து
ஓட்டுநர் உரிமத்தோடு வைத்திருக்கிறேன்.
யாராவது கேட்டால் காட்ட.

இப்போது வலி இல்லை.
இதை மெதுவாகத்தான் சொல்கிறேன், கண் பட்டுவிடும்.

வலி காலி செய்த வீட்டில்
வெக்கை குடிவந்திருக்கிறது.
காட் மீன் வரும் பெல்ட்டின் முன் நிற்பேன்,
ரப்பர் ஏப்ரன், கையுறை, தலையில் வலை.
முதுகுத்தண்டின் அடியில் யாரோ தீக்குச்சி கிழிப்பார்கள்.
அது கழுத்தைத் தாண்டிக் காதுக்கு ஏறுவதற்குள்
கத்தியை வைத்துவிட்டு ஓட்டம், உறைகிடங்குக்கு.
மைனஸ் இருபத்தெட்டு.
பெட்டிகளுக்கு நடுவே, பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு,
எனக்கு முன்பே ஐலி.

அவளுக்கு ஐம்பத்து மூன்று. தானாக வந்தது.
எனக்கு மருந்துச் சீட்டில் வந்தது.
'எத்தனை?' என்பாள். வயதை இல்லை.
'இன்றைக்கு ஏழு.'
'எனக்கு நாலுதான். காப்பி என் செலவு.'
ஃபோர்க்லிஃப்ட்டோடு வந்த ஓட்முண்
கதவைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.
அன்றிலிருந்து தட்டிவிட்டுத்தான் வருகிறான்
உறைந்த மீன்கள் உடை மாற்றிக்கொண்டிருப்பதுபோல.

ராத்திரிகளில் சிரிப்பு வருவதில்லை.
போர்வையை உதைக்கிறேன், இழுக்கிறேன், உதைக்கிறேன்.
எதற்கும் அழுகிறேன்:
காலிப் பால் டப்பா, வானிலை அறிக்கை.
ஸ்டைனார் ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு போர்வை வாங்கி வந்தான், தனக்கு.
எலும்பு மெலியுமாம். மீனெண்ணெய்க்குப் பக்கத்தில்
கால்சியம் மாத்திரை.
ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டேன்.
மருத்துவர் பொய் சொல்லவில்லை.
'தூங்குவது விழிக்கும்.
அதோடு மற்றதும் விழிக்கலாம்.'

இன்று ஐந்தாவது.
வயிற்றில் பிளாஸ்திரியோடு வெளியே வந்தபோது
கோட்டையில் பீரங்கி வெடித்தது.
சூரியன் முழு வட்டமாகத் தெரிந்துவிட்டதாம்,
பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.
கடலுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில்
மங்கிய ஆரஞ்சு. கொஞ்சங்கூடச் சுடவில்லை.
சூடு என்னிடம்தான் இருந்தது.
சரியாக அப்போது பார்த்துக் கிளம்பி
மார்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஜாக்கெட் ஜிப்பை இறக்கிவிட்டு நின்றேன்.
பனிச்சறுக்குப் பலகையை இழுத்து வந்த ஒரு பொடியன்
'உனக்குக் குளிரலையா?' என்றான்.
பதில் யோசிப்பதற்குள் ஓடிவிட்டான்.

பையில் போன் அதிர்ந்தது. ஐலி.
'மதியத்துக்குள்ளேயே ஒன்பது.
காப்பி உன் கணக்கு.'